சாலையோரத்துக் கல்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் புகைவண்டியில் செல்லும் நேயர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சோலையார்பேட்டையைக் கடந்து மேட்டு நிலத்தை நோக்கி ஏறும் வண்டி, பச்சூர் வரையில் தமிழ்நாட்டில் ஓடுகிறது. மல்லானூர், குப்பம், குடுபள்ளி முதலிய சில நிலையங்களில் ஆந்திரப் பிரதேசத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு கன்னட நாட்டில் புகுந்துவிடுகிறது. நிலையத்தின் பெயர்ப் பலகையில் எழுத்து மாறுவது ஒன்றே நமக்கு அடையாளம். பாறைக் குன்றுகளும் புளியமரங்களும் ஏரிக்கரைகளும் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே தன்மையாகவே இருக்கின்றன. குப்பத்தில் இறங்கிப் பலமனேர் செல்லும் சாலையைப் பிடித்தால் சிறிது தொலைவில் வருவது சாந்திபுரம். சாலையில் நிற்பவரிடம் தமிழில் வழி கேட்டால் தெலுங்கில் விடை வரும். தெலுங்கில் கேட்டால் தமிழில் வந்தாலும் வரும். சந்தை நாட்களில் கன்னடமும் சேர்ந்துகொள்ளும்.

ஆட்சி எல்லைகள் இங்கே பல முறை மாறியிருக்கின்றன. கங்குந்தி ஜமீன் என்ற பெயரில் இப்பகுதி முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் அமைந்தது; இப்பகுதி பின்னர் அதனோடு சேர்ந்தது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூரோடு தானும் சென்றது. பின்னர் எல்லைத் தகராறு ஒருவாறு தீர்ந்து, 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. குப்பமும் சாந்திபுரமும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. 2022ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமான சமயத்தில், குப்பம் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாயிற்று. சாந்திபுரம் அக்கோட்டத்தில் ஒரு மண்டலம். இந்த மாற்றங்களையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனிதர்கள் ஊர் விட்டு ஊர் போகிறார்கள்; எல்லைக் கோடுகள் இடம் மாறுகின்றன; நட்ட இடத்திலேயே நிற்கிற சில கற்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று பேச எண்ணினோம்.

சென்ற தை மாதத்தில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்காக அவ்வழியே காரில் சென்றோம். சாந்திபுரத்தைத் தாண்டியதும் சக்கரம் ஒன்று காற்றிழந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் தம் வேலையைப் பார்க்க, நாம் நிழலைத் தேடி ஒரு புளியமரத்தடிக்குச் சென்றோம். அங்கே ஒரு பலகைக் கல் நின்றுகொண்டிருந்தது. சாலையை அகலமாக்கி உயர்த்தியபோது கொட்டிய மண்ணும் சரளையும் அதன் அடிப்பகுதியை மூடிவிட்டன. மேலே தெரிந்தது நம் இடுப்பளவுதான் இருக்கும். மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெய் ஏறிக் கல் கன்னங்கரேலென்று பளபளத்தது. வாடிய சாமந்தி மாலை ஒன்று கழுத்தில் கிடந்தது. கூர்ந்து நோக்கியபோது, மாலைக்குப் பின்னே ஒரு மனிதனின் உருவம் புலப்பட்டது. கொண்டை முடிந்த தலை, இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். மண்மட்டத்தை ஒட்டி வளைவாக ஏதோ தெரிந்தது. மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தோம். அது ஒரு மாட்டின் கொம்பு. வீரனின் தலைக்கு மேலும், பக்கவாட்டில் கீழ்நோக்கியும் ஒழுங்கான கீறல்கள் ஓடின. எழுத்துத்தான், ஐயமில்லை.

இரண்டு பசுக்களை ஓட்டிக்கொண்டு வந்த மூதாட்டி ஒருவர் நம்மைக் கண்டு நின்றார். முதலில் தெலுங்கில் ஏதோ கேட்டார். நம் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

“எழுத்து தெரிஞ்சவங்களா சாமி?”

“தெரியும், அம்மா.”

“அப்படின்னா இவர் பேரு என்னன்னு படிச்சுச் சொல்லுங்க. எங்க மாமியார் நாளையிலேருந்து எண்ணெய் ஊத்திக்கிட்டு வர்றோம். வீருடு, வீருடுன்னுதான் சொல்றோம். பேரு யாருக்கும் தெரியாது.”

கலைப் பட்டம் பெற்று, நாள்தோறும் மொழியையே பிழைப்பாகக் கொண்டிருக்கும் நமக்கு அந்தக் கேள்வி சிறிது கூச்சத்தை உண்டாக்கிற்று. எண்ணெய்ப் பிசுக்கின் அடியில் ஓரிரண்டு கோடுகள் தெரிந்தன. அவை எவ்வெழுத்தென்று நமக்கு விளங்கவில்லை. எண்ணெய் இல்லாதிருந்தாலும் படித்திருப்போமா என்பது வேறு கேள்வி. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழ் எழுத்தும் வட்டெழுத்தும் பயிற்சி உள்ளவர்க்கே வசப்படும். தெரியவில்லை என்று சொன்னோம். மூதாட்டி அதற்காக நம்மைக் குறைத்து மதித்ததாகத் தெரியவில்லை. தலையை அசைத்துவிட்டுப் பசுக்களின் பின்னே போய்விட்டார்.

இவ்வகைக் கல்லுக்கு நம் பழைய பெயர் நடுகல். தெலுங்கர் வீரகல்லு என்பர், கன்னடத்தில் வீரகல். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் பல இடங்களில் இக்கற்களே வேடியப்பன் என்ற தெய்வமாகிக் கோயில் கொண்டிருக்கின்றன. நடுகல் நாட்டுவதைத் தொல்காப்பியம் ஒரு முறையாகவே வகுத்துக் கூறுகிறது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரையில் அது ஆறு துறைகளாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இவ்வழக்கத்தின் தொன்மைக்குச் சான்று தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கிடைத்தது. அங்கே கண்டெடுக்கப்பட்ட மூன்று கற்களில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் இருக்கின்றன. கிறித்து பிறப்பதற்கும் முற்பட்டவை என்று அறிஞர் அவற்றைக் கணிக்கின்றனர். அவற்றுள் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆனிரை கவரும் பூசலில், இறந்தவனுக்கு எடுத்தது.

எல்லாம் மாட்டைச் சுற்றியே வருகிறதே என்று நேயர்கள் எண்ணலாம். அதில் வியப்பில்லை. மழை குறைந்த மேட்டு நிலத்தில் ஏரிக்குக் கீழே உள்ள வயல் சிறிது. மேய்ச்சல் காடு பெரிது. அங்கே செல்வம் என்பது நடமாடும் செல்வம். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் நம் மொழியில் உண்டு. பகைவன் நாட்டைப் பிடிக்க நினைக்கும் மன்னன், முதலில் எல்லையோரத்து மந்தையை ஓட்டிக்கொண்டு வரச் சொல்வான். கோட்டையைத் தாக்கப் பெரும்படை வேண்டும். மந்தையை ஓட்ட இருபது பேர் போதும். அந்த இருபது பேரைத் தடுக்க ஊரில் வில் பிடிக்கத் தெரிந்தவன் முதலில் ஓட வேண்டும். மன்னனின் சேனை வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

சாந்திபுரத்தைச் சுற்றியுள்ள நிலம் அத்தகைய எல்லையோரமாகப் பன்னெடுங்காலம் இருந்தது. கிழக்கே காஞ்சியிலிருந்து பல்லவர் ஆண்டனர். மேற்கே கோலாரைத் தம் பெருமைக்குரிய பழம்பதியாகக் கொண்ட கங்கர். வடமேற்கிலிருந்து நுளம்பர் நெருக்கினர். இவர்களுக்கு நடுவே வாணர்கள், ஒரு தலைமுறையில் ஒருவருக்கும் மறு தலைமுறையில் மற்றொருவருக்கும் அடங்கியவர்களாக இருந்தனர். ஆகையால் பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி, கோலார், கிருஷ்ணகிரி ஆகிய இம்முச்சந்தியில் வீரக்கற்கள் மிகுதி. சிலவற்றில் தமிழும், சிலவற்றில் தெலுங்கும், சிலவற்றில் கன்னடமும் எழுதப்பட்டுள்ளன. கோலார் மாவட்டத்து முளபாகல் வட்டத்தில் உள்ள பங்கவாடியில் வட்டெழுத்தில் தமிழ் வாசகம் உள்ள நடுகல் இருக்கிறது. ரைஸ் என்னும் அறிஞர் 1905ஆம் ஆண்டில் கோலார் மாவட்டத்துக் கல்வெட்டுக்களைத் தொகுத்து வெளியிட்டபோது, கன்னட நாட்டுத் தொகுதி என்று பெயர் கொண்ட அந்நூலில் தமிழுக்கும் கணிசமான இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

குப்பத்திலிருந்து மலைச்சரிவில் இறங்கினால் ஆம்பூர். அங்கே கிடைத்த ஒரு நடுகல்லின் செய்தியைச் சற்று விரிவாகச் சொல்லலாம். ஏனெனில் இத்தகைய கல் என்ன சொல்லும், எவ்வாறு சொல்லும் என்பதற்கு அது நல்ல மாதிரி. ஹுல்ட்ஷ் என்ற செருமானிய அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதைப் படித்து வெளியிட்டார். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் இருபத்தாறாம் ஆட்சியாண்டு, ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஆம்பூருக்கு அந்நாளில் ஆமையூர் என்று பெயர். நுளம்பனின் படை ஆமையூர் மீது வந்து மந்தையைக் கவர்ந்தது. பிருதிகங்கரையர் என்ற தலைவனிடம் சேவகம் செய்த அகளங்கத்துவராயரின் மகன் சன்மதுரன் என்பான் எதிர்த்து நின்று இறந்தான். இவ்வளவே வாசகம். வீரனுக்கு அடைமொழி இல்லை. எத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்கும் இல்லை. எந்த மன்னன் காலம், எந்த ஊர், யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள், யார் மகன், பெயர் என்ன என்பவற்றைச் சொல்லிவிட்டுக் கல் நின்றுவிடுகிறது. தகப்பன் பெயரும் மகன் பெயரும் அருகருகே இருப்பதைப் படிக்கும்போது, கல்லை நாட்டுவதற்கு அந்தத் தகப்பன் உயிரோடு நின்றிருப்பானோ என்று நமக்குத் தோன்றாமல் இல்லை.

வாசகத்தின் முடிவில் வரும் வினைச்சொல் பட்டான் என்பது. பெரும்பாலான நடுகற்கள் இச்சொல்லோடுதான் முடிகின்றன. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்க்கு இது தொல்லை தரும் சொல். ஆங்கிலத்தில் வீழ்ந்தான் என்று பொருள்படும் சொல்லைப் போடுகிறார்கள். இந்தியில் வீரகதி அடைந்தான் என்பார்கள். அது நல்ல சொல், ஆனால் அதில் மாலையும் மேளமும் சேர்ந்துவிடுகின்றன. தமிழ்ச் சொல்லில் அவை இல்லை. அடிபட்டான், பாடுபட்டான் என்று நாம் அன்றாடம் சொல்கிற அதே பட்டான்தான் அது. ஒருவன் மேல் ஏதோ வந்து பட்டது. அதோடு அவன் முடிந்தான். அந்தக் குறைந்த சொல்லுக்கு ஈடு தேடி நாம் எழுதிக் கிழித்த தாள்கள் பல.

நாயின் பெயரைக்கூடச் சொல்லும் கல் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் அது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும்போது இறந்தான். அவன் உருவத்தின் பின்னே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். செங்கம் வட்டாரத்தில் இத்தகைய கற்களை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்து, இரா. நாகசாமி அவர்களின் பதிப்பாகத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972ஆம் ஆண்டில் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை வெளியிட்டது. மகேந்திரவர்மனின் குடைவரைகளைக் காணப் பலரும் செல்கின்றனர். அவன் நாட்டில் எருமை மேய்த்தவனையும் அவன் நாயையும் காணச் செல்வோர் மிகக் குறைவு.

இதனோடு வேறொரு வகை நினைவுக் கல்லை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. வேலூரில் லாங் பஜார் கடைத்தெருவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. அதில் ஓர் ஆங்கிலக் கல்வெட்டு. 1914ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்பது அதன் கருத்து. ஆங்கில அரசாங்கம் அந்நாளில் நாடெங்கும் ஊர்கள் தோறும் இத்தகைய கற்களைப் பதித்தது. வாசகம் எங்கும் ஒன்றே. ஊரின் பெயரும் எண்ணும் மட்டும் மாறும். கல் நன்றாக இருக்கிறது. எழுத்து தெளிவாக இருக்கிறது. யாரும் எளிதில் படிக்கலாம். ஆனால் அந்தப் பதினால்வர் யார்? எந்தத் தெருவினர்? மெசபடோமியாவில் இறந்தார்களா, பிரான்சில் இறந்தார்களா? கல் சொல்லவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூர்ப் பூசலில் இறந்தவனின் பெயரும் அவன் தந்தையின் பெயரும் நமக்குத் தெரிகின்றன. அச்சு இயந்திரமும் தபாலும் தந்தியும் இருந்த காலத்தில் இறந்தவர்களுக்கு எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த மணிக்கூண்டின் நிழலில் பழம் விற்பவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். மணி பார்ப்பதற்கு வைத்தது என்றார்.

இக்காலத்துப் பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழஞ்சின்னங்களின் அருகே நீல நிறப் பலகை ஒன்று நிற்பதை நேயர்கள் தத்தம் ஊர்களில் கண்டிருப்பீர்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம். இதைச் சிதைப்போர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம் என்று அது அறிவிக்கும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் தண்டனை இன்னும் சிறியதாக இருந்தது. சட்டம் வேண்டியதுதான், எச்சரிக்கையும் வேண்டியதுதான். ஆயினும் இன்னதைக் காக்கிறோம், இன்னாருடையது என்று ஒரு வரி சேர்த்தால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. சட்டப் பிரிவின் எண்ணைப் பிழையின்றி மொழிபெயர்த்துவிட்டு, மூலத்தில் சின்னத்தின் வரலாறே இல்லாமையால் அதை விட்டுவிட நேர்ந்த வருத்தம் நம் போன்றோர்க்கு உண்டு. அன்றியும், அச்சட்டத்தின் கீழ் மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்கள் நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 3,700 மட்டுமே. வயல் வரப்பிலும் சாலை வளைவிலும் நிற்கும் வீரக்கற்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நீலப் பலகையும் கிடையாது. அவற்றுக்குக் காவல், எண்ணெய் ஊற்றும் கைகள்தாம்.

படிக்கத் தெரியாதவர்களையும் எண்ணி நட்ட கல் நம் நாட்டில் உண்டு. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழி என்று எழுதிய பழைய காதக்கல் கிடைத்திருக்கிறது. நாவற்தாவளம் என்ற இடத்துக்கு இன்னும் 29 காதம் என்பது அதன் செய்தி. எழுத்தோடு நில்லாமல், பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் அக்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. இருட்டில் வரும் வண்டிக்காரன்கூட விரலால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளலாம். இன்னொன்று சுமைதாங்கி. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைப்பதற்காகச் சாலையோரத்தில் இரு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்திய அமைப்பு அது. கருவுற்ற பெண் பிள்ளை பெறாமலே இறந்துவிட்டால், அவள் இறக்கி வைக்க முடியாத சுமைக்காக உறவினர் இதைக் கட்டுவது வழக்கம். தலைச்சுமைக்காரர் அருகிவிட்ட இக்காலத்தில் அவை பேருந்துக்குக் காத்திருப்போர்க்கு இருக்கையாகிவிட்டன. உட்காருவதில் தவறில்லை, அவை அதற்கும் இடம் கொடுக்கின்றன.

சாந்திபுரத்துக்குத் திரும்புவோம். அன்று கைப்பேசியில் எடுத்த படங்களைக் கல்வெட்டுப் பயிற்சியுள்ள நண்பர் ஒருவருக்கு அனுப்பினோம். அவர் இரண்டு நாள் கழித்துப் பேசினார். எழுத்து இருப்பது உறுதி, ஆனால் படத்தைக் கொண்டு ஒன்றும் சொல்லுவதற்கில்லை, மைப்படி எடுக்க வேண்டும் என்றார். மைப்படி எடுப்பது பொறுமையான வேலை. முதலில் கல்லைக் கழுவித் தூய்மை செய்ய வேண்டும். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி செய்ய வேண்டும். பிறகு மை தோய்த்த துணிப்பந்தால் மெல்ல ஒற்றினால் மேடான இடமெல்லாம் கறுத்து, பள்ளமான எழுத்து வெள்ளையாக எழும்பும். உலர்ந்தபின் உரித்து எடுத்துக்கொள்ளலாம். கல்லுக்கு ஒரு தீங்கும் இல்லை. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியாலோ வண்ணத்தாலோ கோடிழுப்பதுதான் தீங்கு. இழுப்பவர் தமக்குத் தோன்றிய எழுத்தை இழுத்துவிடுவார், அடுத்து வருபவர் அதையே படிப்பார்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். இத்தகைய கற்களில் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் வாசகத்தின் தொடக்கத்தில் வரும். இறந்தவன் பெயர் முடிவில், பட்டான் என்ற சொல்லுக்கு முன்னே வரும். நாம் அனுப்பிய படத்தில் வரிகள் பக்கவாட்டில் இறங்கி மண்ணுக்குள் போகின்றன. ஆகவே மேலே தெரிவதை நன்றாகப் படித்தாலும் மன்னன் யார் என்பதுதான் கிடைக்கக்கூடும். மூதாட்டி கேட்ட பெயர் சாலையின் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

அப்படியானால் கல்லைப் பெயர்த்து எடுக்க வேண்டும். எடுத்தபின் அதை எங்கே வைப்பது? அருங்காட்சியகத்தில் வைத்தால் வெயிலும் மழையும் படாது, எண்ணெய் ஏறாது, லாரி மோதாது, மாணவர்கள் பார்ப்பார்கள். சாலை அடுத்த முறை அகலமாகும்போது மண்ணோடு மண்ணாய்ப் போவதைவிட அது மேல் என்று கூறுவோரை எளிதில் மறுக்க முடியாது. சாலைப் பணியில் இவ்வாறு மறைந்த கற்கள் உண்டு. நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அருங்காட்சியகத்தில் அக்கல்லின் முன்னே யார் பசுவை ஓட்டி வருவார்? ஊரார் அதற்குச் செய்யும் பூசை எதுவென்று அன்று மூதாட்டியிடம் கேட்டிருந்தோம். கனுமு அன்று என்றார். நம் மாட்டுப் பொங்கலைத் தெலுங்கர் கனுமு என்பர். அன்று ஊர் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசி, இக்கல்லின் முன்னே கொண்டுவந்து நிறுத்திச் சூடம் காட்டிய பிறகே ஓட்டிப் போவார்களாம். ஏன் என்று அவருக்குத் தெரியாது. மண்ணுக்குள் மறைந்திருக்கும் மாட்டின் உருவத்தை அவர் கண்டதும் இல்லை. அவர் மருமகளாக வந்த நாளிலேயே கல் பாதி புதைந்துதான் இருந்ததாம். பெயர் போய், கதை போய், மொழியும் மாறிய பிறகு, மாட்டைக் கொண்டுவந்து அவனுக்குக் காட்டும் வழக்கம் மட்டும் அங்கே நின்றிருக்கிறது.

பெங்களூரில் வாழும் நேயர்களுக்கு இதற்கு ஒரு நடுவழி தெரிந்திருக்கலாம். அந்நகரின் பெயரே ஒரு வீரக்கல்லால்தான் நமக்கு முதலில் தெரியவருகிறது. பேகூரில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லில் பெங்களூர்ப் போரில் ஒருவன் இறந்த செய்தி கன்னடத்தில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெப்பாள் கிட்டய்யனின் கல் 2018ஆம் ஆண்டில் வடிகால் தோண்டும் வேலைக்கு நடுவே ஆர்வலர் கண்ணில் பட்டு, அவ்வட்டாரத்து மக்களின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, அங்கேயே அதற்கு ஒரு மண்டபமும் எழுந்தது. 1909ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மிதிக் சங்கம், நகரத்துக் கல்வெட்டுக்களை முப்பரிமாணப் படமாக்கும் பணியை நடத்திவருகிறது. அக்கல்வெட்டுக்களுள் தமிழில் உள்ளவையும் இருக்கின்றன. தமிழ் தெரிந்தவர்கள் அவ்வேலையில் வேண்டும். பிழைப்புக்காக வேற்று மாநிலம் சென்றிருக்கும் நம்மவர்க்கு இது நல்ல ஓய்வுநேர வேலை. வழியில் எழுத்துள்ள கல்லைக் கண்டால் காலை வேளையிலோ மாலை வேளையிலோ படமெடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் எழுத்தின் பள்ளம் நிழல் காட்டும். உச்சி வெயிலில் எடுத்த நம் படங்கள் பயன்படாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்டத்துத் தொல்லியல் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கல் எம்மொழியில் இருந்தாலும் எழுதுங்கள். சாந்திபுரத்தில் தெலுங்கு பேசும் ஒரு குடும்பம், தான் படிக்க முடியாத எழுத்துக்கு எண்ணெய் ஊற்றிவருகிறது.

பங்குனியில் மீண்டும் அவ்வழியே செல்ல நேர்ந்தது. இம்முறை வேண்டுமென்றே நிறுத்தினோம். மூதாட்டி வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். நண்பர் சொன்னதை விளக்கினோம். எண்ணெயைக் கழுவ வேண்டும். கல்லைச் சற்று மேலே தூக்க வேண்டும். தாள் ஒட்டி மை ஒற்ற வேண்டும். அவர் பெயர் மண்ணுக்குள் இருக்கிறது. அவர் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தலைக்கு ஊத்துறதுதானே சாமி, ஊத்துங்க. தூக்குறதும் தூக்குங்க. எடுத்துக்கிட்டுப் போயிடக் கூடாது.”

“போகமாட்டோம், அம்மா. அங்கேயே மேடு கட்டி நிறுத்தச் சொல்கிறோம்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

எழுதித் தருவதற்கு நமக்கு அதிகாரம் ஏது? அதிகாரம் உள்ளவர்களிடம் கேட்டு எழுதி வாங்கித் தருகிறோம் என்றோம். அவர் சிறிது யோசித்தார். கோடையில் வேண்டாம், ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும் என்றார். கனுமுக்குள் திரும்பவும் நிறுத்திவிட வேண்டும், மாடுகள் வந்து நிற்க இடம் வேண்டும் என்றும் சொன்னார். மேடு எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதை வந்தே காட்டினார். சாலையைப் பார்த்தல்ல, ஏரிக்கரைக்கு அப்பால் உள்ள மேய்ச்சல் காட்டைப் பார்த்து.

மனு எழுதியாயிற்று, தெலுங்கில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இரண்டிலும் வீரனின் பெயர் வர வேண்டிய இடத்தை விட்டு வைத்திருக்கிறோம்.